திரிசூலக் குன்றுகளின் தொன்மை

திரிசூலநாதர் திருக்கோயிலைச் சூழ்ந்த நான்கு குன்றுகளும் நான்மறைகளே என்பது தலமரபு. இக்குன்றுகளும் அடுத்துள்ள பல்லாவரக் குன்றுகளும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய ஒரே பாறையினத்தவை. கொல்கத்தாவில் சோப் சார்னாக் என்பாரின் கல்லறையில் பதித்த கல் இவ்வினத்ததாதலின், அதற்குச் 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டனர். 1863-இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கோடரி, இந்நாட்டில் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தமைக்கு முதற்சான்றாயிற்று. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் பல்லாவரக் குன்றில் குடைவரை அமைத்தான். குன்று குன்றாகவே நின்றது. பிற்காலத்தில் சாலைக்கும் கட்டடத்திற்கும் கல்லுடைத்தமையால், திரிசூலக் குன்றுகளின் பல பகுதிகள் ஆழ்ந்த குழிகளாயின. நந்தவனத்துச் செடி பட்டுப்போயின் மீண்டும் நடலாம்; உடைத்த மலை மீண்டும் வளராது. மறையெனப் போற்றும் குன்றில் எஞ்சியதைக் காத்தலும் ஈசன் திருப்பணியே என்பதை அன்பர்கள் உளங்கொள்வார்களாக.