மணிமேகலையில் இராசமாதேவி: ஒரு பண்புநலன் ஆய்வு

முன்னுரை

காப்பியத் தலைமக்களின் பண்புநலன்களை ஆராய்ந்தோர் பலர். துணைமாந்தரை ஆராய்ந்தோர் சிலர். துணைமாந்தருள்ளும் தீமை செய்வாரை ஆராய்ந்தோர் மிகச் சிலர். தலைவிக்கு இடையூறு விளைத்தலே இவர்தம் தொழில் என்றும், அத்தொழில் முடிந்த அளவில் இவர்கள் கதையினின்றும் நீங்குவர் என்றும் கருதி விடுதல் எளிது. ஆயின், பெரும்புலவர் ஒருவர் தம் காப்பியத்துள் சிறிய இடமே பெற்ற தீயமாந்தரையும் காரணமின்றிப் படைப்பதில்லை. சீத்தலைச் சாத்தனார் படைத்த இராசமாதேவி இதற்குத் தக்க சான்று.

முப்பது காதைகளைக் கொண்ட மணிமேகலையுள் இவள் முதன்மை பெறுவது சிறைவிடு காதை என்னும் 23 ஆம் காதை ஒன்றிலேயே ஆகும். அடுத்த காதையில் சில செயல்களோடு அமைகின்றாள். பின்னர் அவளைப் பற்றிய செய்தி இல்லை. உ. வே. சாமிநாதையர் 1898 இல் இந்நூலை உரையுடன் பதிப்பித்த பின்னர் எழுந்த கதைச் சுருக்கங்கள் பலவற்றில், ‘மணிமேகலைக்குக் கொடுமை செய்து திருந்திய அரசி’ என்னும் ஒரு தொடரில் இவள் வரலாறு அடங்கிவிடுகின்றது. அத்தொடர் பிழையன்று, ஆயினும் போதாது. இவள் ஏன் கொடியள் ஆயினாள், எவ்வாறு திருந்தினாள் என்னும் இரு வினாக்களுக்கும் நூலினுள்ளேயே விடை உண்டு. அவ்விடையை எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்

இராசமாதேவி என்பது இயற்பெயரன்று. பட்டத்தரசி என்னும் பொருள்படும் சிறப்புப் பெயர். 19 ஆம் காதையில் சோழ வேந்தன் பொழிலிடத்து உலாவுங்கால் அவனுடன் வரும் தேவியை மாவலி மரபினள் என்றும் சீர்த்தி என்னும் பெயரினள் என்றும் புலவர் குறிக்கின்றார். அவளே இவள் எனக் கொள்ளுதல் பொருந்தும். பொழிலில் இன்பமாக உலாவிய காலத்து இயற்பெயர் பெற்றவள், மகனை இழந்து வஞ்சம் சூழும் காலத்துப் பட்டப் பெயராலேயே சுட்டப்படுகின்றாள். இதனைப் புலவர் கருதியே செய்தார் எனத் துணிந்து கூற இயலாது. எனினும், பதவியின் பெயர் ஆளின் பெயரை விழுங்கி விட்டமை இவள் நிலைக்கு முற்றும் இயைந்ததாகவே உள்ளது. அதனைக் கீழே காண்போம்.

அழுகைக்கு இடமின்மை

உதயகுமரன் கொலையுண்ட வரலாறு யாவரும் அறிந்ததே. மணிமேகலை காயசண்டிகையின் வடிவு கொண்டிருந்தாள். அவளைத் தன் மனைவி என்றே எண்ணிய காஞ்சனன் என்னும் விஞ்சையன், அவளை நாடி வந்த அரசிளங்குமரனை வாளால் எறிந்தான். எனவே, இளவரசன் இறப்பிற்கு மணிமேகலை காரணம் அல்லள். ஆயினும் அவள் மந்திரத்தால் கொண்ட வேற்றுருவம் அவ்விறப்பிற்கு ஒரு நிமித்தம் ஆயிற்று. அரசியின் சினம் முற்றும் அடிப்படை அற்றதன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இச்செய்தியைக் கேட்ட மன்னன் செய்தது என்ன? தான் செய்யக் கடவதாகிய தண்டத்தை விஞ்சையன் செய்து விட்டான் என்பதே அவன் குறை. தன் மகனையே முறைசெய்த சோழன் பிறந்த குடியில் இத்தகைய தீயோன் தோன்றினான் என்னும் சொல் பிற வேந்தர் செவிக்கு எட்டுமுன் உடலை ஈமத்து ஏற்றுக என்றும், மணிமேகலையைக் காவலில் வைக்க என்றும் சோழிக ஏனாதியை ஏவுகின்றான். அறங்கோடாத செங்கோன்மை இது. ஆயினும் அவ்வாணையுள் தந்தையின் கண்ணீர் ஒரு துளியும் இல்லை.

அதன்பின் மன்னன் அருளால் வாசந்தவை என்னும் நரைமூதாட்டி அரசியிடம் வருகின்றாள். அரச குடும்பத்தார்க்குத் துன்பம் நேர்ந்துழிக் கட்டுரை கூறித் தேற்றுதல் இவள் தொழில். இவள் கூறிய தேறுதல் யாது? போரில் மடியாது மூத்து இறந்த அரசரைத் தருப்பையிற் கிடத்தி வாளால் பிளந்து அடக்கும் மரபினை நினைவூட்டி, அவ்வாறு மூத்து இறத்தலும் இக்குடியினர்க்கு நாணுத் தருவது என்கின்றாள். நின் மகன் தன் நாட்டைக் காத்தும் மடிந்திலன், பிறர் நாட்டைக் கொண்டும் மடிந்திலன். இச்சாவினை என்னென்று சொல்லுவது என வினவுகின்றாள். இறுதியாக, மன்னன் முன்னிலையில் துயரம் காட்டற்க என அறிவுறுத்திப் போகின்றாள்.

இது தேறுதலன்று, துயரத்திற்கு நாணத்தைப் பூட்டிய தாழ். மகனை இழந்தவள் அழலாகாது. கணவன் முன் அழலாகாது. மகன் இறந்த முறையும் வெட்கத்திற்குரியது. அரண்மனையில் அவள் அழுவதற்கு ஓரிடமும் இல்லை. இதனை அடுத்தே, அவள் தன் கையறவினை உள்ளத்துள் அடக்கிப் புறத்தே பொய்யொழுக்கம் பூண்டு, மணிமேகலையை வஞ்சிக்கத் துணிந்தாள் எனப் புலவர் கூறுகின்றார். இம்முறைவைப்பு ஆராய்தற்குரியது. வாசந்தவை போன பின்னரே வஞ்சம் பிறக்கின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் அழுகைக்கு நிலைக்களனாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினையும், வெகுளிக்கு நிலைக்களனாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கினையும் வகுத்தார். இராசமாதேவியிடத்து இழவு பற்றிய அழுகை வெளிப்படற்கு வழியின்றித் தடைப்பட்டது. தடைப்பட்ட அழுகை கொலை பற்றிய வெகுளியாக மாறிற்று. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதல். வெளிப்பட விடாத மெய்ப்பாடு அழிவதில்லை, திரிகின்றது. இவ்வுண்மையினைச் சாத்தனார் ஒரு பாத்திரத்தின் வாயிலாக நாட்டியுள்ளார் எனலாம்.

மூன்று வஞ்சங்கள்

அரசி மன்னனை அணுகி, அறிவு தலைப்பட்ட இப்பெண்ணுக்குச் சிறை தகாது என்று பரிந்து பேசி, அவளை விடுவித்துத் தன்னுடன் அழைத்துக் கொள்கின்றாள். அவள் சொற்களில் மகனைக் குறை கூறும் குறிப்பும் உண்டு. மகனைப் பழித்தால் அன்றிப் பகைவியைக் கைப்பற்ற இயலாது என்னும் அளவிற்கு அவள் தாய்மை திரிந்து நிற்கின்றது.

பின்னர் அவள் செய்யும் வஞ்சங்கள் மூன்று. முதலாவதாக, மணிமேகலை பித்தேறி ஊரார் முன் இழிவுறுமாறு அறிவை மயக்கும் மருந்தினை ஊட்டினாள். முற்பிறப்பு உணர்ந்தவள் ஆதலின் மணிமேகலையின் அறிவு மயங்கவில்லை. இரண்டாவதாக, கல்லா இளைஞன் ஒருவனுக்குக் கை நிறையக் காணம் கொடுத்து, அவள் தன்னைக் கூடினாள் எனப் பலர்க்கும் உரைக்க ஏவினாள். மணிமேகலை மந்திரம் ஓதி ஆணுருக் கொண்டாள். அரசர் உரிமை மகளிர் உறையும் இடத்தில் ஆடவன் ஒருவனைக் கண்ட இளைஞன், அரசியின் உட்கோள் விளங்காமல் அஞ்சி நகரை விட்டே நீங்கினான். மூன்றாவதாக, இவள் நோயுற்று ஊணொழிந்தாள் எனப் பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்தாள். ஊணொழி மந்திரம் உடைமையின் மணிமேகலையின் மேனி வாடவில்லை.

இம்மூன்றும் ஒழுங்கற்ற கொடுமைகள் அல்ல. முதலாவது அறிவின்மேலது, இரண்டாவது புகழின்மேலது, மூன்றாவது உடம்பின்மேலது. அரசி தான் இழந்தவற்றையே பகைவியிடமிருந்தும் பறிக்க முயல்கின்றாள் என்பது கூர்ந்து நோக்கினார்க்குப் புலனாகும். காமத்தால் அறிவு திரிந்தான் எனத் தன் மகன் பேசப்பட்டான். ஆதலின் இவள் அறிவு திரிய வேண்டும். தன் மகன் சாவு நாணுக்கு இடமாயிற்று. ஆதலின் இவள் பெயர் நாணுற வேண்டும். தன் மகன் உடம்பு அழிந்தது. ஆதலின் இவள் உடம்பும் அழிய வேண்டும். பழிவாங்கல் என்பது தன் துயரத்தைப் பிறர்மேல் மறுபடி எழுதிப் பார்த்தல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

சித்திராபதியொடு ஒப்பு நோக்கல்

இந்நூலுள் மணிமேகலைக்கு இடையூறு செய்யும் மற்றொருத்தி சித்திராபதி. அவளுக்குத் துயரம் குலத்தொழில் அழிவு பற்றியது. அவள் வெளிப்படையாகப் பேசுவாள், உதயகுமரனைத் தூண்டுவாள், அரசியிடம் வந்து வீழ்ந்து முறையிடுவாள். மறைத்தல் என்பது அவள்பால் இல்லை. இராசமாதேவியோ மறைத்தலையே படைக்கலமாகக் கொண்டவள். முன்னவளுக்கு அழவும் பேசவும் வாய்ப்பு இருந்தது, பின்னவளுக்கு இல்லை. எனவே, கணிகையர் தலைவியினும் கோப்பெருந்தேவி கொடியவள் ஆகின்றாள். உயர்குடிப் பிறப்பும் பதவியும் ஒருவரைத் தீமையினின்று காப்பன என்னும் எண்ணத்தை இக்காப்பியம் அமைதியாக மறுக்கின்றது.

மந்திரமும் மன்னிப்பும்

நீலகிரி மலைநாட்டில் ஸ்ரீமதுரை முதலிய ஊர்களிலிருந்து வரும் மாணவர்க்கு இக்காதையைப் பயிற்றுங்கால், இது சப்பானிய ஓவியக் கதை போன்றுள்ளதே என அவர் வியப்பதுண்டு. அவ்வியப்பு பொருளற்றதன்று. மந்திரத்தால் உருமாறும் சிறுமியைத் தலைவியாகக் கொண்ட கதைவகை ஒன்று அந்நாட்டில் உண்டு. 1966 இல் மித்சுதெரு யொகொயாமா வரைந்த சிறு சூனியக்காரி சாலியின் கதையும், 1991 இன் இறுதியில் நவோகோ தகேயுச்சி தொடங்கிய ‘சைலர் மூன்’ கதையும் இவ்வகையின. பின்னதன் அசைவூட்டப் பட வடிவில் சிற்றெதிரிகள் சிலர் அழிக்கப்படாது திருந்தி மனித வாழ்வு பெறுகின்றனர். ஆயினும் பொதுவாக ஆங்கெல்லாம் தலைவியின் மந்திரமே எதிரியை வெல்லும் அல்லது மாற்றும். சாத்தனார் நெறி வேறு.

மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு அளித்த மந்திரங்கள் மூன்று: வேற்றுரு எய்தல், வானிற் செல்லுதல், பசி களைதல். அரசியின் அரண்மனையில் முதலாவதும் மூன்றாவதும் பயன்பட்டன, இரண்டாவது பயன்படவில்லை. வான்வழியே நீங்கியிருப்பின் எல்லாத் துன்பமும் நொடியில் ஒழிந்திருக்கும். அவ்வாறு நீங்காமைக்குக் காரணத்தை மணிமேகலையே கூறுகின்றாள். சென்ற பிறவியில் தன் கணவனாகிய இராகுலனே உதயகுமரன். அவனைப் பெற்றவள் ஆதலின், இவள் துயரைக் களைந்து தீவினை தீர்க்கும் பொருட்டே தங்கினேன் என்கின்றாள். ஆகவே மந்திரம் தற்காப்பிற்கு மட்டுமே உதவிற்று. அரசியை மாற்றியது மந்திரமன்று, சொல்லே.

அச்சொல்லின் இயல்பும் கருதத்தக்கது. இராகுலன் பாம்பின் நஞ்சால் இறந்த நாளில் நீ எங்கிருந்து அழுதாய் என வினவுகின்றாள். நீ அழுவது மகன் உடலுக்கா, உயிருக்கா என்று பின்னும் கேட்கின்றாள். உடலுக்காயின் அதனைப் புறங்காட்டில் இட்டவர் யாவர்? உயிருக்காயின் அது புக்க இடம் அறிதற்கு அரிது. அவ்வுயிர்மேல் அன்பு உண்டாயின் எல்லா உயிர்க்கும் இரங்குதல் வேண்டும். வாசந்தவை அழாதே என்றாள். மணிமேகலையோ, அழுகையை விலக்காது அதன் எல்லையை விரிக்கின்றாள். ஒரு மகனுக்கு உரிய இரக்கம் எல்லா உயிர்க்கும் உரியதாகுமாயின், அழுகை அருளாகும். இவ்விடமே பாத்திரத்தின் திருப்புமுனை.

ஈண்டு மற்றொன்றும் நினைத்தற்குரியது. உதயகுமரன் வெட்டுண்டு கிடந்தபோது மணிமேகலையும் அரற்றி அவனருகே செல்ல முற்பட்டாள். கந்திற்பாவை அவளைத் தடுத்தது. எனவே, ஒருவனுக்காக அழுத இருவரும் தடுக்கப்பட்டனர். ஒருத்தி வினையின் இயல்பு கூறித் தடுக்கப்பட்டாள். மற்றொருத்தி குடியின் நாண் கூறித் தடுக்கப்பட்டாள். முன்னவள் தெளிந்தாள், பின்னவள் திரிந்தாள். வேறுபாடு உள்ளத்தின் இயற்கையில் மட்டுமன்று, பெற்ற தேறுதலின் தன்மையிலும் உளது.

அரசி இறுதியில் மணிமேகலையைத் தொழுகின்றாள். மணிமேகலை அதனை ஏற்கவில்லை. என் காதலனைப் பெற்றவள், காவலன் பெருந்தேவி, நீ வணங்குதல் தகாது எனக் கூறி எதிர் வணங்குகின்றாள். தோற்றவளை மேலும் தாழ்த்தாமல், இழந்த தாய்மையையும் தகுதியையும் அவளுக்குத் திருப்பித் தரும் செயல் இது.

திருந்தியதன் சான்று

திருந்தினாள் எனக் கூறி அமையாமல், 24 ஆம் காதையில் அதனைச் செயலால் புலவர் நிறுவுகின்றார். மணிமேகலையைத் தன் மனைக்கு அழைத்துச் செல்ல விழைந்த சித்திராபதியின் வேண்டுகோளை இராசமாதேவியே மறுக்கின்றாள். அழிக்க நினைத்தவளே அரணாகின்றாள். பின்னர் அறவணவடிகள் வந்தபோது எதிர்கொண்டு அடி விளக்கி வரவேற்கின்றாள். அவர் உரைக்கும் அறத்தைக் கேட்கும் முதல் மாணாக்கியருள் ஒருத்தி ஆகின்றாள்.

முடிவுரை

கணவனை இழந்த கண்ணகி மதுரை மூதூர்த் தெருவில் வாய்விட்டு அழுதாள், அவள் சினம் நகரை எரித்தது, அவள் தெய்வமானாள். ஆயினும் 26 ஆம் காதையில், மதுரையை எரித்த வினைக்குரிய பயன் தனக்கும் உண்டு என அக்கண்ணகியே மணிமேகலைக்கு உரைக்கின்றாள். வெளிப்பட்ட சினமாயினும் மறைந்த வஞ்சமாயினும் வினையின் முன் இரண்டும் ஒன்றே என்பது சாத்தனார் கொள்கை. ஆதலின் இராசமாதேவியின் துயரத்தைக் காட்டி அவள் கொடுமையை நாம் மறைத்தல் ஆகாது. அவள் கொடுமையைக் காட்டி அவள் துயரத்தை மறைத்தலும் ஆகாது. இரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி, அவளை மணிமேகலை எதிர் வணங்கியதன் பொருள் விளங்காது. சிறுபாத்திரம் எனத் தள்ளப்பட்ட இவ்வரசி இல்லையேல், காப்பியத் தலைவியின் அருள் அமுதசுரபியால் பசி தீர்த்தல் ஒன்றோடு நின்றிருக்கும். பகை தீர்த்த அருளாகவும் அது விளங்கியது இவளால் என்க.