ஏற்றிக்கொள்ளாமல் போன கார்

லண்டன், ஜனவரி 1968. சவுதாம்ப்டன் கச்சேரிக்குக் கிளம்பிய காரில் ஒரு கேள்வி: சிட் பாரட்டையும் ஏற்றிக்கொள்வதா? வேண்டாமென்று முடிவாயிற்று. பிங்க் ஃபிளாய்டுக்குப் பெயர் சூட்டியதும் ஹிட் பாடல்களை எழுதியதும் அவர்தான். ஆனால் எல்.எஸ்.டி.யும் மனக்குழப்பமுமாக, மேடையில் வாசிக்காமலே நிற்கத் தொடங்கியிருந்தார்.

அந்த ஜூனில் வெளியானது இந்த சைகடெலிக் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம், 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'. கிதாருக்கு டேவிட் கில்மோர் வந்துவிட்டார். பாட்டுக்கு? வரிகளே இல்லாத சுமார் 12 நிமிடத் தலைப்பு இசையை, கட்டடக்கலை படித்த ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் வரைபடம் போட்டு எழுப்பினார்கள். பின்னாளைய ஃபிளாய்டுக்கு அஸ்திவாரம் அதுதான்.

கடைசிப் பாடல் மட்டும் பாரட்டுடையது. முந்தைய அக்டோபரில் பதிவானது. சால்வேஷன் ஆர்மி வாத்தியக்காரர்களை இஷ்டம்போல் ஊதச் சொன்னார். அந்த இரைச்சல் சட்டென நிற்க, மிஞ்சுவது ஒற்றைக் கிதாரும் அவர் குரலும்.