சிறைமீட்பு: பரங்கிமலை முதல் மங்களூர் வரை

பகைகொண்ட இரு நாடுகள் போருக்குப்பின் வாய்திறந்து பேசும் முதற்பேச்சு பெரும்பாலும் சிறைப்பட்டோரைப் பற்றியதாகவே அமைகின்றது. எல்லைக்கோடு பற்றி இசைவு காண ஆண்டுகள் பல ஆகலாம். கோட்டையும் கப்பமும் மானப்பிரச்சினை ஆகலாம். ஆனால் ‘எம்மவரை நீர் விடும், உம்மவரை யாம் விடுகின்றோம்’ என்னும் பேச்சு இருதரப்பாருக்கும் எளிதில் விளங்கும். 1962 பிப்ரவரி 10-ஆம் நாள், பெர்லின் நகரையடுத்த கிளீனிக்கே பாலத்தில், சோவியத் உளவாளி ருடால்ஃப் ஏபலை அமெரிக்காவும், அமெரிக்க விமானி கேரி பவர்சைச் சோவியத் நாடும் கைமாற்றிக்கொண்ட நிகழ்ச்சியை நம் வாசகருள் பலர் அறிந்திருப்பர். இத்தகைய பேரங்களை நமது சென்னையின் தென்பகுதி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கின்றது.

ஆட்களை மட்டுமன்றி, இந்நகரையே கைமாற்றிய கதையும் உண்டு. 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொன்னே மதராசைக் கைப்பற்றினார். ஆங்கிலேய ஆளுநர் நிக்கோலஸ் மோர்சும் ஏனைய பெரியவர்களும் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எழுத்தர் வேலையிலிருந்த இளைஞர் ராபர்ட் கிளைவ் மாறுவேடமிட்டுக் கூடலூர்ப் பக்கம் தப்பியோடினார். 1748-ஆம் ஆண்டு எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்து, மறு ஆண்டு மதராசை ஆங்கிலேயர் மீளப் பெற்றனர். அவ்வாண்டிலேயே சாந்தோமையும் தம் வசமாக்கிக்கொண்டனர். மயிலை மக்களை யாரும் கேட்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

பிறகு வந்தவர் மைசூரின் ஹைதர் அலி. 1769 மார்ச் மாத இறுதியில், தமது பெரும்படையை வேறு திசையில் அனுப்பிவிட்டு, ஏறத்தாழ 6,000 குதிரை வீரருடன் அவர் பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். ஆங்கிலேயப் படை வெகுதொலைவில் இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்தோர் திகைத்துப் போயினர். பேச்சுக்கு இன்னார்தாம் வரவேண்டும் என்று ஹைதரே சொல்ல, பின்னாளில் ஆளுநரான ஜோசையாஸ் டுப்ரே சென்றார். ஏப்ரல் முதல் வாரத்தில் மதராஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்த இடங்களைத் திருப்பித் தருவது, இருபுறமும் சிறைப்பட்டோரை விடுவிப்பது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்பன அதன் சாரம். இவற்றுள் கடைசி வாக்கைக் கம்பெனியார் காற்றில் விட்டனர். மராத்தியர் மைசூர்மேல் படையெடுத்தபோது உதவி செல்லவில்லை. அடுத்த போரின் வித்து அங்கே விழுந்தது என்பதே நம் கருத்து.

1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அருகிலேயே இருந்த ஜெனரல் மன்றோ, பெரும் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கி, மர்மலாங் வந்து சேர்ந்தார். மாம்பலம் என்னும் பெயரே ஆங்கிலேயர் நாவில் மர்மலாங் ஆயிற்று. இன்றைய தியாகராய நகர் எழுந்திருப்பது அந்த மாம்பலத்தின் மண்ணிலேதான். 1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே அமைத்த பாலமும் அப்பெயரையே பெற்றது. இப்போது அவ்விடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கின்றது.

மன்றோ தப்பினார், பெய்லியும் அவருடன் பிடிபட்டோரும் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறைக்குச் சென்றனர். பெய்லி 1782-இல் அங்கேயே இறந்தார். கேப்டன் டேவிட் பெயர்டுக்குக் காலில் குண்டு பாய்ந்திருந்தது. அவருக்கும் விலங்கு பூட்ட வந்தபோது, இத்தனை விலங்குக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்றனராம் காவலர். உடனே கேப்டன் லூகாஸ் என்பவர், பெயர்டின் விலங்கையும் தமக்கே பூட்டுமாறு கேட்டுக்கொண்டார் என்று பெயர்டின் சரிதம் எழுதியோர் கூறுகின்றனர். பெயர்டு பிழைத்தார், லூகாஸ் சிறையிலேயே மாண்டார்.

இதைப் படிக்கையில் 1218-இல் புனித பீட்டர் நொலாஸ்கோ பார்சலோனாவில் நிறுவிய சிறைமீட்புச் சபை நினைவுக்கு வருகின்றது. அத்துறவியர், தேவை நேர்ந்தால் சிறைப்பட்டவருக்குப் பதிலாகத் தாமே பிணையாக அமர்வதாக நான்காவது வார்த்தைப்பாடு கொடுப்பர். அதற்கும் முன்னரே, 1198-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஒப்புதல் அளித்த திரித்துவ சபையும் இப்பணியில் இறங்கியது. அல்ஜியர்சில் அடிமைப்பட்டிருந்த எழுத்தாளர் செர்வாண்டிசை 1580-இல் பணம் கொடுத்து மீட்டவர்கள் அச்சபையினரே. அரசுகள் மறந்தோரைத் தேடிச் சென்றவர்கள் இவர்கள்.

அரசுகள் மறப்பதுண்டு என்பதற்கு 1782-ஆம் ஆண்டே சான்று. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென், தாம் பிடித்த ஆங்கிலேயக் கப்பலாட்களைப் பரிமாறிக்கொள்ள முன்வந்தார். ஆங்கிலேயர் தரப்பில் அது கைகூடவில்லை. வைத்துச் சோறிட இடமும் பொருளும் இல்லாத சுஃப்ரென், அவர்களைக் கூடலூரில் இறக்கி ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். எளிதில் வீடு திரும்பியிருக்கக்கூடியவர்கள் மைசூர்ச் சிறைகளுக்கு நடந்தனர். அவர்களுள் ஜேம்ஸ் ஸ்கரி என்ற சிறுவனும் ஒருவன். சுஃப்ரென் செய்தது கொடுமை என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் வெகுண்டு எழுதினர். பேரத்தைத் தட்டிக்கழித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இத்தனைக்கும் அப்போது மதராஸ் ஆளுநராயிருந்த மக்கார்ட்னி பிரபு, தாமே பரிமாற்றத்தால் விடுதலை பெற்றவர். 1779-இல் மேற்கிந்தியத் தீவுகளில் கிரெனடாவின் ஆளுநராயிருந்தபோது பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்து, பிரான்சுக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார். அவருடைய செயலர் ஜார்ஜ் ஸ்டான்டனும் அப்போது பிணையாகச் சென்றவரே. அந்த ஸ்டான்டனையும், சாட்லியர், ஹட்ல்ஸ்டன் என்னும் இருவரையும் மக்கார்ட்னி திப்பு சுல்தானிடம் தூதனுப்பினார். 1784 மார்ச் 11-ஆம் நாள் மங்களூர் உடன்படிக்கை முடிந்தது. கைதிகள் யாவரும் வந்து சேரும்வரை திண்டுக்கல், கண்ணனூர்க் கோட்டைகளைக் கம்பெனியாரும், அதுவரை ஆம்பூர், சாத்கர் கோட்டைகளைத் திப்புவும் விடாதிருப்பது என்று அதில் எழுதினர். மனிதருக்கு ஈடாகக் கோட்டைகள்! ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாத இடத்தில் உடன்படிக்கை நிலைப்பதற்கு இதுவே வழி. வங்காளத்திலிருந்த வாரன் ஹேஸ்டிங்சுக்கு இது மானக்கேடாகப் பட்டது. சிறையிலிருந்தோருக்கு அப்படிப் பட்டிருக்காது. பெயர்டு மூன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட சிறைவாசத்தின்பின் வெளிவந்தார்.

விடுதலையானோர் திரும்பிவந்த வழியில் நிகழ்ந்த ஒன்றை வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் எழுதிவைத்திருக்கின்றார். ஓரிரவு தங்கிய இடத்தில் சிப்பாய்களையும் வெள்ளை அதிகாரிகளையும் ஒரு பெரிய ஏரி பிரித்திருந்தது. நம்மவரான சிப்பாய்கள் இருட்டில் அதை நீந்திச் சென்று, சிறையில் கிடைத்த அற்பப் படியில் மிச்சம் பிடித்த காசைப் பழைய அதிகாரிகளின் கையில் திணித்தனர். ‘நாங்கள் எதைத் தின்றும் பிழைத்துக்கொள்வோம், இறைச்சியின்றி உங்களால் இயலாதே’ என்ற பொருள்படச் சொன்னார்களாம். அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. நீந்திச் சென்றோரின் பெயர்கள் இல்லை.

எல்லாரும் திரும்பினாரல்லர். கர்நாடகப் பகுதியிலும் தஞ்சையிலும் பிடித்துச் செல்லப்பட்டோர் விரும்பினால் குடும்பத்துடன் திரும்பலாம் என்று வாசகம் இருந்தும், கைவினைஞரும் சிறுவரும் பலர் தங்கிப்போயினர். ஸ்கரி பத்தாண்டளவில் அங்கிருந்து, பிறகு தப்பித்தான். கனரா நாட்டுக் கத்தோலிக்கர் பல்லாயிரவர் அதே 1784-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திப்புவின் சொந்தக் குடிகள் ஆதலின் எந்தத் தூதரும் அவர்களைக் கேட்டுப் பெறவில்லை. எஞ்சியோர் 1799-இல் திப்பு வீழ்ந்த பின்னரே ஊர் திரும்பினர்.

கேட்பதற்கு ஓர் அரசும், எழுதுவதற்கு ஒரு பட்டியலும் இருந்தால்தான் சிறைமீட்பு நடக்கும் என்பது இன்றும் மாறவில்லை. 1971 போரில் இந்தியாவிடம் அகப்பட்ட ஏறத்தாழ 93,000 பாகிஸ்தானியர், 1972-இன் சிம்லா உடன்படிக்கைக்கும் 1973-இன் டெல்லி உடன்படிக்கைக்கும் பிறகு, 1974-க்குள் அனுப்பிவைக்கப்பட்டனர். 2008-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இரு நாடுகளும் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளும் ஜூலை முதல் நாளும் தத்தம் சிறைகளிலுள்ள மற்ற நாட்டாரின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. அதில் குடிமக்கள் தனியாகவும் மீனவர் தனியாகவும் குறிக்கப்படுவர். ஒவ்வொரு முறையும் இந்திய அரசு, 1971-இல் காணாமற்போன படைவீரர்களையும் திருப்பியனுப்புமாறு கேட்கின்றது. ஐம்பத்து நான்கு பேர் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவரும் கணக்கு. அப்படி எவரும் தம்மிடம் இல்லை என்கின்றது பாகிஸ்தான்.