சான்று எதுவரை செல்லும்?

சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மூலக்கொத்தளத்தில் டீ குடிப்பவருக்குக் கண்டெய்னர் சீல் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீல் உடையாதவரை தகராறு இல்லை; கதவு திறந்து சரக்கு கைமாறும் இடத்தில்தான் சண்டை. புரோகிராமிலும் இதே கதைதான்.

காக் என்ற மென்பொருளில் (இப்போது அதன் பெயர் ராக்) ஒரு புரோகிராமை எழுதி, அது தப்பே செய்யாது என்று கணக்குப் போட்டு நிரூபித்துவிடலாம். ஆனால் ஃபைலைத் திறக்கவும் நெட்வொர்க்கில் பேசவும் யாரோ கையால் எழுதிய சி மொழி நிரலைத்தான் அது கூப்பிட வேண்டும். நிரூபணம் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

வாசலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நிரூபித்ததைப் பெரும்பாலும் ஓகேமல் மொழிக்கு மாற்றி ஓட்டுவார்கள். அங்கே 5 என்ற எண் நினைவகத்தில் 11 ஆக உட்கார்ந்திருக்கும்: இரட்டித்து ஒன்று கூட்டிய கணக்கு. கடைசி பிட் 1 என்றால் எண், 0 என்றால் முகவரி. சி எழுதுபவர் அப்படியே எடுத்துக்கொண்டால் ஐந்து பதினொன்றாகிவிடும். இன்னொன்று, ஓகேமலின் நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர் பொருள்களை இடம் மாற்றும். 'இதை நான் பிடித்திருக்கிறேன்' என்று சி அதனிடம் பதிவு செய்யாவிட்டால், கையிலுள்ள பழைய முகவரியில் வேறேதோ இருக்கும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. புரோகிராம் என்றைக்கோ ஒருநாள் விழும்.

நிரூபணம் நிற்கும் இடத்தில்தான் பிழை நுழையும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2011இல் வெளியான ஆய்வில் யூட்டா பல்கலைக்கழகத்தார் சி கம்பைலர்களைச் சல்லடை போட்டு 325க்கும் மேற்பட்ட பிழைகளைப் பிடித்தார்கள். நிரூபிக்கப்பட்ட கம்பைலரான காம்ப்செர்ட்டிலும் சில கிடைத்தன. ஆனால் அவை நிரூபணம் எட்டாத பகுதிகளில்.

வாசலில் வரும் இந்தச் சிக்கலைத் தீர்க்க இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். ஒன்று, சி பக்கத்தையும் நிரூபிப்பது. ஒவ்வொரு சி ஃபங்ஷனும் என்ன வாங்கும், என்ன தரும், எதைத் தொடாது என்று ஒப்பந்தம் எழுதி, சி நிரல் அதன்படி நடக்கிறது என்று காக்கிலேயே காட்டுவது. 2025இல் வெளியான வெரிஎஃப்எஃப்ஐ இப்படித்தான் காக்கையும் சி-யையும் இணைக்கிறது. இரண்டு, சி-யை நம்பாமல் அடைத்துவைப்பது. நம்ம சென்னை ஐஐடியின் ஃபைடஸ் அந்த ரகம்: ஓகேமலும் சி-யும் கலந்த புரோகிராமை, அங்கேயே உருவான சக்தி பிராசஸரில் தனித்தனி அறைகளாகப் பிரித்து, ஒன்றின் கோளாறு மற்றொன்றைத் தொடாமல் தடுக்கிறது.

முதல் வழிக்கு உழைப்பு அதிகம், உறுதியும் அதிகம். இரண்டாவது, ஏற்கெனவே எழுதிக் குவித்த சி-யோடு வாழக் கற்றுத்தருகிறது. ஆகவே 'எங்கள் நிரல் நிரூபிக்கப்பட்டது' என்று யாராவது சொன்னால், எந்த வரிவரைக்கும் என்று கேளுங்கள்.