குடியேற்றமா, மீள்குடியேற்றமா?

அரசியலில் ஒரு சொல் தனியே வருவதில்லை. முன்பு எங்கே, யாருக்கெதிராகப் பேசப்பட்டதோ அந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டுதான் வரும். வன்னியில் இதற்குப் பொருத்தமான உதாரணம் 'குடியேற்றம்'.

ஒரு காலத்தில் அது நல்ல சொல். கிளிநொச்சி நகரமே 1936இல் குடியேற்றத் திட்டமாகத்தான் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணியும் தொழிலும் இல்லாத சனத்துக்கு அது வயலும் வீடும் தந்தது. 1949இல் கிழக்கில் கல்லோயாத் திட்டம் ஆரம்பித்த பிறகு பொருள் மாறத் தொடங்கியது. 1980களில் முல்லைத்தீவின் எல்லையில் தமிழ்க் கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டு, மணலாறு 'வெலிஓயா' ஆனபோது அந்த மாற்றம் முழுமை பெற்றது. 'குடியேற்றம்' என்றால் நிலம் பறிபோவது என்றே தமிழ்க் காதுகளில் விழுந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா மக்களும் அதில் அடங்குவர். இங்கேயும் ஒரு சொல்மாற்றம் நடந்தது. 'வெளியேற்றம்' என்றால் வெளியேற்றியவர் ஒருவர் இருக்க வேண்டும். 'இடம்பெயர்வு' என்றால் யாரும் தேவையில்லை, காற்றடித்துப் போனது போல. 2009இல் போர் முடிந்ததும் கோப்புகளில் இவர்கள் 'பழைய இடம்பெயர்ந்தோர்' ஆனார்கள். 2008 ஏப்ரலுக்குப் பின் பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்'. முன்னுரிமை புதியவர்களுக்குப் போனது. 'பழைய' என்ற ஒரு அடைமொழி, இருபது வருட அகதி வாழ்வை ஆறிப்போன விஷயமாக்கிவிட்டது.

திரும்பி வந்தவர்களுக்கு அடுத்த சிக்கல் காத்திருந்தது. ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று, நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தார்கள். பழைய வளவு ஒரு வீட்டுக்குத்தான் காணும். சில வளவுகளில் காடு மூடியிருந்தது. சிலவற்றில், தாமும் காணி இழந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகளுக்கு அரச காணி கேட்டபோது 'மீள்' என்ற இரண்டெழுத்து விழுந்து, 'முஸ்லிம் குடியேற்றம்' என்ற பேச்சு கிளம்பியது. வெலிஓயாவின் சுமை முழுவதும் புத்தளத்துக் காம்பிலிருந்து வந்தவர்களின் தலையில் இறங்கியது. "எங்கட வாப்பாவை அடக்கின மையவாடி இங்கதானே கிடக்குது, நாங்க எப்பிடி வந்தேறி?" என்பதே சனத்தின் கேள்வி.

நம் பக்கத்திலும் இதே நோய் உண்டு. காணிப் பங்கீடு நியாயமாக நடக்கிறதா என்று கேட்கும் தமிழர் எல்லாரையும் 'இனவாதி' என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லும் பொருளிழந்து போகும். பிறகு உண்மையான இனவாதியைச் சுட்ட நம்மிடம் சொல்லே மிஞ்சாது.

ஆகவே சொல்லைக் கேட்டதும் கோபப்படுவதைவிட, அதைப் பிரித்துக் கேட்பது நல்லது. வருபவர் யார்? முன்பு எங்கே இருந்தவர்? அவரை அனுப்பியது யார்? 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பும், பாடசாலைச் சேர்வு இடாப்பும், பள்ளிவாசல் பதிவுகளும் இதற்குப் பதில் சொல்லும். அந்த இடாப்பில் பெயர் உள்ளவரும் அவருடைய பிள்ளைகளும் வருவது மீள்குடியேற்றம். இல்லாதவரைப் பற்றி வேறாகப் பேசலாம். இந்த வேறுபாட்டை முதலில் பேணவேண்டியவர்கள் நாங்கள்தான், ஏனெனில் அது குழம்பினால் முதலில் இழப்பதும் நாங்களே.