தண்டவாளங்களுக்கு நடுவே கால் ஊன்றிய கட்டடம்

நியூயார்க் நகரத்தில் பார்க் அவென்யூ 270 என்ற முகவரியில் 1960இல் ஒரு 52 மாடிக் கட்டடம் எழுந்தது. வாசலுக்குள் நுழைந்ததும் லிஃப்ட்டைத் தேடினால் கிடைக்காது. எஸ்கலேட்டரில் ஒரு மாடி ஏற வேண்டும். லிஃப்ட்டுகள் அங்கிருந்துதான் கிளம்பின. லிஃப்ட் எந்தத் தளத்தில் தொடங்குகிறதோ, அதற்குக் கீழே ஒரு குழி கட்டாயம் வேண்டும். லிஃப்ட் தப்பித்தவறிக் கீழே இறங்கிவிட்டால் தாங்கிப் பிடிக்கும் சாதனங்கள் அந்தக் குழியில்தான் இருக்கும். இந்தக் கட்டடத்தின் பெரும்பகுதிக்கு அடியில் குழி தோண்ட வழியே இல்லை. அங்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தது!

அவை கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போகும் பாதைகள். 100 ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே நீராவி எஞ்சின்கள் ஓடின. 1902 ஜனவரி 8 அன்று காலையில், பார்க் அவென்யூ சுரங்கத்தில் புகையும் நீராவியும் மண்டிக் கிடந்தன. ஓட்டுநர் சிக்னலைத் தவறவிட்டார். நின்றுகொண்டிருந்த ரயிலின் மேல் இன்னொரு ரயில் மோதி 15 பேர் இறந்தார்கள். நகரமே கொதித்தது. மன்ஹாட்டனுக்குள் நீராவி எஞ்சின் வரக்கூடாது என்று சட்டம் வந்தது.

அப்போது அந்தப் பாதைகளை நடத்திய ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் வில்லியம் வில்கஸ். மின்சார ரயிலுக்கு மாறலாம் என்றார். அதோடு விடவில்லை. புகை இல்லை என்றால் தண்டவாளத்துக்குத் திறந்த வானம் எதற்கு? மேலே மூடிவிடலாம். மூடிய இடத்துக்கு மேலே இருக்கும் காற்றுவெளியைக் கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விடலாம். அந்தப் பணத்திலேயே புதிய நிலையத்தின் செலவை ஈடுகட்டலாம். வெறும் ஆகாயத்துக்கு வாடகை! எனக்குத் தெரிந்த பொறியியல் யோசனைகளில் இவ்வளவு துணிச்சலானவை மிகச் சில. 1913இல் திறந்த கிராண்ட் சென்ட்ரலில் ரயில் பாதைகள் இரண்டு அடுக்காக அமைந்தன. மொத்தம் 44 நடைமேடைகள். மேலே சாலையும் ஹோட்டல்களும் அலுவலகங்களும் வந்தன.

இனிதான் பொறியாளரின் தலைவலி. உயரமான கட்டடத்துக்குத் தூண்களைச் சீரான இடைவெளியில் நிறுத்தத்தான் யாருக்கும் ஆசை. ரயில் அதற்கு இடம் கொடுக்காது. பாதைகள் வளையும், பிரியும், ஒன்றோடொன்று சேரும். ஓடும் ரயில் பக்கவாட்டில் ஆடும் என்பதால் இருபுறமும் இடம் விட வேண்டும். மேல் அடுக்கில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்று தூணை நட்டால், அதற்கு நேர் கீழே இரண்டாம் அடுக்கில் தண்டவாளம் குறுக்கே போகும். இரண்டு அடுக்குகளையும் தாண்டிப் பாறைவரை இறங்கக்கூடிய இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும். ரயில் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் தூண்.

அந்த 52 மாடிக் கட்டடத்தை 2019இல் பிரிக்கத் தொடங்கினார்கள். அதே மனையில் ஜே.பி. மார்கன் வங்கியின் தலைமை அலுவலகம் 2025இல் திறக்கப்பட்டது. நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்தது. 60 மாடிகள், உயரம் 423 மீட்டர். பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கீழே அதே ரயில்கள்தான் ஓடுகின்றன. அப்படியானால் இவ்வளவு எடையும் எங்கே போய் இறங்குகிறது?

அந்தக் கட்டடத்தின் படம் கிடைத்தால் உச்சியை விடுங்கள், அடிப்பகுதியைப் பாருங்கள். தரையில் சில இடங்களில் மட்டும் பெரிய எஃகுத் தூண்கள் கொத்தாக ஊன்றியிருக்கும். ஒவ்வொரு கொத்தும் மேலே போகப்போக விசிறியாக விரியும். கட்டடத்தின் உடல் தெருவிலிருந்து ஏறத்தாழ 24 மீட்டர் உயரத்தில்தான் தொடங்குகிறது. மேலே பரவலாக வரும் எடையை இந்த விசிறிகள் வாங்கி, தண்டவாளங்களுக்கு இடையே கிடைத்த ஒருசில புள்ளிகளில் கொண்டுபோய் இறக்குகின்றன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பென்சில்களின் அடிமுனைகளை மேசைமேல் ஒன்றாக வைத்து, மேல்முனைகளை 'V' போல விரியுங்கள். நண்பரை இரண்டு மேல்முனைகளையும் விரலால் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். பென்சில்கள் இன்னும் அகலமாக விரிந்து சரியும். இப்போது மேல்முனைகள் இரண்டையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டிவிட்டு மறுபடியும் அழுத்துங்கள். நூல் விறைக்கும், பென்சில்கள் அகலாது. சாய்ந்த தூண் எடையைக் கீழே மட்டும் அனுப்புவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த தூணின் தலையில் 100 டன் எடை வைத்தால், பக்கவாட்டுத் தள்ளல் மட்டும் ஏறத்தாழ 58 டன். தூணுக்குள் ஓடும் அழுத்தம் ஏறத்தாழ 115 டன். அதனால்தான் விசிறியின் மேல்முனைகளைக் கனமான எஃகு உத்தரங்கள் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். நூல் செய்த வேலையை அந்த உத்தரம் செய்கிறது.

நூலின் வேலையைக் கான்கிரீட்டிடம் கொடுக்க முடியாது. கான்கிரீட் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். எஃகுக்கு இழுப்பும் அழுத்தமும் ஒன்றுதான். அழுத்தத்திலும் அது சாதாரண கான்கிரீட்டைவிட ஏறத்தாழ 10 மடங்கு தாங்கும். ஆகவே தூண் ஒல்லியாக இருந்தால் போதும், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள சந்தில் நுழைந்துவிடும். இன்னொரு வசதி, எஃகைத் தொழிற்சாலையிலேயே அறுத்து, துளை போட்டு, லாரியில் கொண்டுவந்து இறக்கலாம். கிரேன் தூக்கும், ஆட்கள் போல்ட் போடுவார்கள். ஓடும் ரயிலின் தலைக்கு மேலே சாரம் கட்டி ஈரக் கான்கிரீட்டைக் கொட்டுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

போல்ட் போடுவதையே கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். எஃகு வேலையில் ஒருவகை போல்ட்டின் நுனியில் விரற்கடை அளவு ஒரு வால் இருக்கும். மின்சாரக் கருவி ஒரே நேரத்தில் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகும். போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்'கென்று வால் முறிந்துவிடும். வால் இல்லாத போல்ட் என்றால் சரியாக இறுகிய போல்ட். மேற்பார்வையாளர் கண்ணாலேயே சொல்லிவிடலாம். முறிந்த துண்டு கருவிக்குள்ளேயே நிற்கும். அதை வாளியில்தான் போட வேண்டும். கீழே ரயில் போகிறதே! தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளம் ஒன்றும் உண்டு. கம்பித்துண்டு ஒன்று அதில் விழுந்தாலும் ஆபத்து. இதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் பலகையால் ஒரு கூரை போட்டுவிட்டு மேலே வேலை செய்கிறார்கள். தண்டவாளத்தை ஒட்டிய வேலைக்கு ரயில் குறைந்த இரவு நேரத்தில் சில மணி நேரம் மின்சாரத்தை நிறுத்துவார்கள். விடிவதற்குள் எல்லாவற்றையும் ஒதுக்கிப் பாதையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலை ரயில் காத்திருக்காது.

ரயில் போனால் தரை அதிரும்; தூண் வழியாக அந்த அதிர்வு மேல்மாடிவரை ஏறும். பார்க் அவென்யூவின் பழைய கட்டடங்களில் தூணின் அடியில் ஈயமும் கல்நாரும் அடுக்கிய மெத்தைகளை வைத்தார்கள். கல்நார் நுரையீரலைக் கெடுக்கும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1960களில் லண்டனில் ஒரு சுரங்க ரயில் பாதைக்கு மேலே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை ரப்பர் கட்டைகளின் மேல் கட்டினார்கள். தடித்த ரப்பர் அதிர்வை விழுங்கிவிடுகிறது. இன்றைக்கும் இந்த வேலைக்கு அதுதான் கைகொடுக்கிறது.

எடையை எங்கே இறக்குவது என்ற கேள்விக்குச் சிகாகோவில் வேறு விடை கண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு மனையின் ஒருபுறம் ஆறு, மறுபுறம் ஓடும் ரயில் பாதைகள். நடுவே கிடைத்தது ஒடுங்கிய பட்டை நிலம். கட்டடம் கட்ட லாயக்கில்லை என்று பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தது. 2017இல் அதன்மேல் 54 மாடிகள் நின்றன. எட்டாவது மாடிக்குக் கீழே வெளிப்புறத் தூண்கள் உள்ளே சாய்ந்து நடுத்தண்டில் சேர்கின்றன. அடியில் அந்தத் தண்டின் அகலம் சுமார் 12 மீட்டர்தான். இவ்வளவு ஒடுங்கிய காலில் நின்றால் காற்றடிக்கும்போது ஆடாதா? ஆடும். அதற்காகவே உச்சியில் 12 தொட்டிகளில் சுமார் 6 லட்சம் லிட்டர் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது தண்ணீர் உடனே கூட வராது. கொஞ்சம் பிந்தி, எதிர்ப்பக்கச் சுவரில் போய் மோதும். அந்த மோதல் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறது. தண்ணீர் எவ்வளவு பிந்த வேண்டும் என்பது தொட்டியின் நீளத்தையும் நீரின் ஆழத்தையும் பொறுத்தது. அதையும் கணக்குப் போட்டுத்தான் நிரப்பினார்கள்.