சிகிச்சை முடிந்த பிறகும் மனம் ஏன் கலங்குகிறது?

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து ஏற்காடு திரும்பும் பெண்ணிடம், "அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்ன கவலை?" என்கிறார்கள் உறவினர்கள்.

ஏன் இந்தக் கலக்கம்? சிகிச்சை நாட்களில் உயிர் பிழைப்பதே ஒரே நினைப்பு. அது ஓய்ந்ததும், அடக்கி வைத்த பயம் மேலெழுகிறது. ஒவ்வொரு மறுபரிசோதனைக்கு முன்பும் கூடுகிறது. ஹார்மோன் சார்ந்த கட்டி இருந்தவர்கள் 5 முதல் 10 ஆண்டுகள் சாப்பிடும் மாத்திரை ஈஸ்ட்ரோஜனை மட்டுப்படுத்துவதால், உடல் திடீரெனச் சூடாகும், தூக்கம் கெடும், மனமும் தளரலாம். இந்தக் கலக்கம் கோழைத்தனம் அல்ல.

எப்படித் தணிப்பது? தினசரி நடை, இந்நோயைக் கடந்தவர்களுடன் பேச்சு, குறுக்கிடாமல் கேட்கும் கணவர் எல்லாம் உதவும். சோர்வு இரண்டு வாரம் நீடித்தால் மனநல ஆலோசனை அவசியம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக முடியாத நாளில், 14416 என்ற இலவச டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம்.